தூங்குகிறாய் என்று நினைக்காதே

அன்புள்ள ராசாவுக்கு,

நேற்று மருமகள் போனில் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நீ குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறதாம். கொஞ்ச நேரம் கழித்துத் திணறிக்கொண்டு மூச்சை இழுக்கிறாயாம். கேட்டால், “அசதிம்மா, அதான் நல்லா உறங்குதேன்” என்கிறாய். உங்கப்பாவும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அது ‘ஸ்லீப் அப்னியா’, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோய் என்று தெரிந்தது. காலையில் தலைவலி, பேப்பர் படிக்கும்போதே தலை தொங்கிவிடும், பிரஷர் மாத்திரையும் கூடிக்கொண்டே போனது.

பாளையங்கோட்டையில் அவருக்குத் தூக்கப் பரிசோதனை எடுத்ததைப் போனில் விவரமாகச் சொல்ல முடியவில்லை. தலையில் எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். டெக்னீசியன் பெண் டேப்பால் தலையை அளந்து, பென்சிலால் குறி போட்டு, பசை தடவி ஒவ்வொரு ஒயராக ஒட்டினாள். கண்ணோரம், தாடை, நெஞ்சு, கால் என்று ஒன்றையும் விடவில்லை. விரலில் ஒரு கிளிப், மூக்கில் சின்னக் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட். இத்தனையும் மாட்டிக்கொண்டு மனுஷனுக்கு எப்படி உறக்கம் வரும் என்று நினைத்தேன். படுத்த கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

பக்கத்து அறையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தாள். ஸ்கிரீனில் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று மூக்குக் கோடு அசையாமல் படுத்துவிட்டது. நெஞ்சுக் கோடும் வயிற்றுக் கோடும் மட்டும் ஏறி இறங்கின. “தொண்டை அடைச்சிருக்கும்மா. மூச்சு இழுக்காங்க, காத்து உள்ள போகல” என்றாள். ரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதத்திலிருந்து இறங்கி 80-க்கு வந்தது. என் கை நடுங்கிவிட்டது. மூளைக் கோடு படபடத்தது, ஒரே இழுப்பாக இழுத்தார், மூச்சு வந்தது. காலையில் கேட்டால் அவருக்கு எதுவுமே நினைவில்லை. இப்படி 10 விநாடியாவது நின்றால்தான் ஒன்று என்று கணக்கு வைப்பார்களாம். மணிக்கு 30 தடவை வந்தாலே கடுமை. உங்கப்பாவுக்கு 38.

அந்தப் பெண் விடிய விடியக் கண் மூடவில்லை. ஒயர் கழன்றால் ஓசைப்படாமல் உள்ளே போய் ஒட்டிவிட்டு வந்தாள். அதோடு முடிகிற வேலையும் இல்லை. பதிவை 30 விநாடி 30 விநாடியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத் தூக்கம் என்று குறிக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 960 துண்டு! அதை வைத்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார். யார் வீட்டுப் பிள்ளையோ, கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இப்போது அப்பா உறங்கும்போது மாட்டிக்கொள்கிற சிபாப் (CPAP) மெஷின் காற்றழுத்தத்தால் தொண்டையை அடைக்காமல் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் 1981-ல் உலகத்துக்குச் சொன்ன வைத்தியம் இது. முதலில் மாஸ்க்கைக் கழற்றிக் கழற்றி வைத்தார். முகத்துக்குத் தக்க அளவு மாற்றிக் கொடுத்ததும் பழகிவிட்டது. இப்போது பகலில் கண் சொக்குவதில்லை. சாயங்காலம் ஆற்றில் குளித்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வருகிறார். அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். ஆன்லைனில் பார்த்து நீயாக மெஷின் வாங்கிவிடாதே. டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் போடாதே. குடிப்பதும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும்.

இது வயசாளிகளுக்கு வருவது என்று சொல்லித் தட்டிக்கழிக்காதே. எடை கூடினாலும், கழுத்து பருத்தாலும், தாடை உள்வாங்கி இருந்தாலும் வரும். உனக்கு உங்கப்பா தாடை அப்படியே இருக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம் உன் கார்தான். ஆபீஸ் முடிந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டி வருகிறாய். விடியக்காலம் மதுரை தாண்டி, கயத்தாறு பக்கம் அந்த நாலுவழிச் சாலையில் நன்றாக உறங்கினவனுக்கே கண் செருகும். நீயும் அந்தப் பரிசோதனையை எடுத்து, டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஊருக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் வா. தேதி கிடைத்ததும் போன் பண்ணு, துணைக்கு நான் கிளம்பி வருகிறேன்.

அன்புடன்,
அம்மா