தூக்கிய கால் எது?

அன்பு நண்பா,

பேத்தி வரைந்த நடராஜர் படம் கிடைத்தது. வலது காலைத் தூக்கி வரைந்திருக்கிறாளே, தப்பா என்று கேட்டிருந்தாய். முதலில் செல்பேசி படத்தைத் திருப்பிப் போட்டிருக்குமோ என்றுதான் சந்தேகப்பட்டேன். மூலையில் அவள் எழுதிய பெயர் நேராகவே இருக்கிறது. உடுக்கை வலது மேல்கையிலும் தீ இடது மேல்கையிலும் சரியாக இருக்கின்றன. ஆக, மாறியது கால் மட்டும்தான். "இடது கால்" என்று யாரோ சொல்ல, அவள் தன் இடப்பக்கத்தில் தூக்கியிருப்பாள். எதிரே நிற்பவரின் இடது நமக்கு வலப்பக்கம் என்பதில் பெரியவர்களே தடுமாறுவார்கள்.

ஆனால் தப்பு என்று அடித்துவிடாதே. மதுரை மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தில் சுவாமி வலது காலைத் தூக்கித்தான் ஆடுகிறார். ஒரே காலில் நின்றால் வலிக்காதா என்று ராஜசேகர பாண்டியன் கேட்டதால் கால் மாற்றி ஆடினார் என்பது திருவிளையாடல் கதை. அங்கே கைகள் பத்து, இவள் வரைந்தது நான்கு; அது வேறு.

இடது காலைத் தூக்கிய சிதம்பரக் கோலம்தான் வேண்டும் என்றால், காலோடு இடது கீழ்க்கையையும் பார்க்க வேண்டும். வலது கீழ்க்கை அஞ்சாதே என்கிறது. இடது கீழ்க்கை மார்புக்குக் குறுக்கே வந்து, யானைத் துதிக்கைபோல் தொங்கி, தூக்கிய பாதத்தைக் காட்டுகிறது. அடைக்கலம் இங்கே என்று பொருள். அவள் படத்தில் அந்தக் கை இடுப்பில் இருக்கிறது. எனக்குக் கால் மாறியதைவிட இதுதான் பெரிய குறை. உடுக்கை படைத்தல், அபயக்கை காத்தல், தீ அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல் என்று ஐந்தொழிலையும் சைவர்கள் இந்த உருவத்தில் வைத்திருக்கிறார்கள். சுட்டும் கை இல்லாவிட்டால் ஐந்தாவது கண்ணில் படாது.

ஆள் சாய்ந்து விழுவதுபோல் இருப்பதற்குக் காரணம் ஊன்றிய காலை விறைப்பாக வரைந்ததும், தலை அதற்கு நேர்மேலே வராததும். மறுபடி வரைந்தால் ஏ3 தாளில் 12 செ.மீ. ஆரத்தில் திருவாசி, அதாவது சுவாமியைச் சுற்றிய தீ வட்டம், போடட்டும். நடுவில் செங்குத்தாக ஒரு மெல்லிய கோடு. நெற்றிப்பொட்டிலிருந்து நூல் விட்டால் ஊன்றிய குதிகாலை ஒட்டி விழ வேண்டும். முகம் 2 செ.மீ. என்றால் உச்சி முதல் பாதம் வரை சுமார் 16 செ.மீ.; முழங்கால் நன்றாக மடங்க வேண்டும். பாதத்துக்குக் கீழே 3 செ.மீ., காலடியில் கிடக்கும் குள்ள அசுரன் முயலகனுக்கு. இந்த இடத்தை முதலிலேயே ஒதுக்காததால்தான் இப்போது அவன் பாய்போல் நசுங்கிக் கிடக்கிறான். அவன் சிரிப்பதை மாற்றச் சொல்லாதே! முயலகன் செத்தவன் அல்ல, காலடியில் அடக்கி வைக்கப்பட்டவன்.

தீச்சுடர்கள் வட்டத்துக்கு வெளியே வர வேண்டும், 2 செ.மீ. நீளம் போதும். மஞ்சளை முதலில் பூசி, காய்ந்தபின் ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. மாற்றிச் செய்தால் மஞ்சள் எடுபடாது.

உடல் முழுக்க நீலம் பூசியது காலண்டர் பார்த்து வந்த பழக்கம். நஞ்சு நின்ற கழுத்து மட்டும்தான் நீலம். தேவாரம் பாடியவர்கள் கண்டது பவளச் சிவப்பு மேனி, மேலே வெண்ணீறு. சிவப்போடு துளி மஞ்சள் கலந்தால் அந்த நிறம் வரும். நீறு பூசும் இடங்களைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடலாம். சிவப்பு ஈரமாக இருக்கும்போது கழுத்தில் நீலம் வைத்தால் இரண்டும் கலந்து அழுக்குப் பழுப்பாகும். கால் மணி நேரமாவது காயட்டும்.

ஒரு காதில் மட்டும் தோடு போட்டிருக்கிறாளே, தெரிந்து செய்தாளா? இடக்காதில் பெண்ணின் தோடு, வலக்காதில் ஆணின் குழை. அம்மையும் அப்பனும் ஒரே உடலில். அவள் போட்டிருப்பதும் இடக்காதில்தான். கேட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்