செல்விக்கு, பசுமைக் குழுவிலிருந்து

அன்பு செல்வி,

தீபாவளிக்குப் போட்ட கடிதத்துக்குப் பொங்கல் தாண்டியும் பதில் இல்லை என்று கோமதியிடம் புலம்பினாயாமே, உடனே எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு மூட்டுவலி பரவாயில்லை. சின்னவன் நன்றாகப் படிக்கிறான், சொல்வது அவன். போதுமா? இனி என் கதையைக் கேள்.

கல்லூரி, பல்கலைக்கழகங்களை மதிப்பிட்டுத் தரம் போடும் நாக் (NAAC) குழு வருகிறது என்றதும் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இயற்கை மேல் திடீர்ப் பாசம். பசுமை வளாகக் குழு என்று ஒன்றைப் போட்டு, தாவரவியல்காரிதானே என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். உன் ரோஜாத்தொட்டிக் கதை இங்கே யார் காதுக்கும் போகக் கூடாது, சொல்லிவிட்டேன்.

முதல் வேலை என்ன தெரியுமா, உறுதிமொழி! காகிதத்தைச் சேமிப்போம் என்று ஒரு சுற்றறிக்கை, ஒரு பக்கம் மட்டும் அடித்து, துறைக்கு மூன்று பிரதி. பிளக்ஸ் பேனர் முன்னால் கையை நீட்டி உறுதிமொழி வாசித்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, எங்கள் கேன்டீனில் இன்றும் அதில்தான் டீ.

துறைத்தலைவர் அறையில் ஏசி எப்போதும் 18. ஐயா சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் சார், 24 போதும் என்றேன். "பில்லு நாமளா கட்டுறோம்?" என்று சிரித்தார். வீட்டில் ஃபேனை அணைக்காமல் போனால் பேரனை விரட்டுகிறவர் இவர்! யாரும் கெட்டவர்கள் இல்லை செல்வி, பில் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ஸ்வீடனில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பிரிண்டர்கள் தானாகவே இருபக்கமும் அடிக்கும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள், காகிதம் 15 சதவீதம் போலக் குறைந்திருக்கிறது. சேமியுங்கள் என்று கேட்டுக்கொண்டதில் ஒரு பலனும் இல்லையாம். படித்ததும் கணினி மையத்துத் தம்பியைப் பிடித்து இங்கேயும் அப்படியே மாற்றச் சொன்னேன். தேர்வுப் பிரிவு மட்டும் சண்டைக்கு வந்தது, மற்றவர்கள் கவனிக்கவே இல்லை. இனிமேல் உறுதிமொழிப் பக்கம் நான் தலைவைத்துப் படுப்பதாக இல்லை.

ஆனால் குப்பை விஷயம் அப்படி லேசில் முடியவில்லை. மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம் என்று மாடிக்கு மாடி தொட்டி வைத்தோம். கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் பிரித்துப் போட்டார்கள். அப்புறம் யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள், கீழே இரண்டையும் ஒரே டிராக்டரில் கொட்டுவதை. அன்றோடு சரி. போன வாரம் மாடிப்படிக்குக் கீழே பார்த்தேன், நீலத் தொட்டியில் பழைய விடைத்தாள் கட்டின் மேல் சாம்பார் பொட்டலம் உடைந்து ஒழுகிக் கிடக்கிறது, ஒப்பந்தத்தில் வேலை செய்யும் அக்கா கையுறைகூட இல்லாமல் அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். "பிரிச்சுப் போட்டா எனக்கும் நல்லதுதாம்மா, வண்டி ஒண்ணுதானே வருது" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. வாத்தியார்களைத் திருத்துவது எப்படி என்று மாதக்கணக்கில் கூட்டம் போடுகிறோம், அந்தக் கூட்டத்துக்கு இவரை யாரும் கூப்பிட்டதில்லை. அடுத்ததற்கு நான் கூப்பிட்டிருக்கிறேன். பதிவாளர் அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும்.

இரண்டாவது வண்டியும் கையுறையும் கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. கேன்டீனில் எவர்சில்வர் டம்ளர் கொண்டுவரலாம் என்கிறார்கள், கழுவ ஆள் யார் என்றால் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள். கேன்டீனில் ஏற்கெனவே இடுப்பொடிய நிற்கிற இரண்டு பெண்கள் தலையிலேயே இதையும் கட்ட நான் விடப்போவதில்லை.

உங்கள் பள்ளியில் டம்ளருக்கு மாறினீர்களே, கழுவுகிறவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் போட்டீர்கள்? தலைமையாசிரியரிடம் கேட்டு, முடிந்தால் அந்த உத்தரவின் நகலோடு, இந்த வாரமே எழுது. பொங்கல் தாண்டினாயே என்று பழிவாங்க இது நேரமில்லை.

உன்
வசந்தா