எலும்பு கிடைத்தால் சாப்பாடு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அகழாய்வில் விலங்கு எலும்பு கிடைத்தால், 'அக்கால மக்கள் இறைச்சி உண்டனர்' என்று ஒரே வரியில் செய்தியை முடித்துவிடுகிறார்கள். சரி, வெட்டுத் தழும்பும் தீயில் கருகிய தடமும் இருந்தால் அப்படிச் சொல்லலாம். ஆனால் சைப்ரஸ் தீவில் ஷிலூரோகாம்போஸ் என்ற இடத்தில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன், ஒரு மனிதரைப் புதைத்த இடத்துக்கு 40 சென்டிமீட்டர் தள்ளி, எட்டு மாதப் பூனை ஒன்றை முழுசாகப் புதைத்திருக்கிறார்கள், அறுத்துத் தின்ற அடையாளமே இல்லை, அந்தத் தீவில் பூனை இயற்கையாக இருந்ததும் இல்லை, அப்படியென்றால் யாரோ படகில்தான் கொண்டுவந்திருக்க வேண்டும் (பூனையைப் படகில் ஏற்றியவர் என்ன பாடுபட்டாரோ!).

ஜோர்டானில் இன்னும் பழைய கல்லறை ஒன்றில் மனிதரோடு நரி. ஜெர்மனியில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914-இல் கிடைத்த, மனிதரோடு புதைக்கப்பட்ட பழங்கால நாய்க்குட்டியின் பற்களை வைத்து, அது நோயில் கிடந்தபோது யாரோ வாரக்கணக்கில் கவனித்திருக்க வேண்டும் என்கிறார்கள். வேட்டைக்கு உதவாத குட்டி அது!

அடுத்த முறை எலும்புச் செய்தி வந்தால், எந்த விலங்கு, எத்தனை வயது, வெட்டு இருந்ததா, யார் பக்கத்தில் கிடந்தது என்பதையும் சேர்த்துப் போடுங்களேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்