லைவ் கட்சிக்காரனுக்கு ஒரு கடிதம்

மாப்ள,

“ஆல்பம் எல்லாம் மேக்கப்புடா, லைவ்தான் முகம்” என்று நீ அடித்த வசனத்துக்குப் போனில் பதில் சொல்லி மாளாது. நீ பேச விட்டால்தானே? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நீ குறுக்கே புக வழியில்லை.

உன் கட்சியின் பலம் எனக்கும் தெரியும். டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் ‘மேட் இன் ஜப்பான்’ லைவ் ஆல்பம் இருக்கிறதே, அதற்கு முன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலுமாக மூன்று ராத்திரி வாசித்ததைப் பதிவு செய்தார்கள். அதே வருஷம் வந்த ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் ‘ஸ்பேஸ் டிரக்கிங்’ நாலரை நிமிஷப் பாட்டு. ஜப்பானில் அதை இழுத்து, உடைத்து, திருப்பிப் போட்டு, இருபது நிமிஷம்வரை கொண்டுபோனார்கள். தி ஹூ குழு விஷயத்திலும் நான் உன் பக்கம்தான். ஸ்டூடியோவில் செய்த ‘டாமி’யை மரியாதையாகக் கேட்பேன், மேடையில் பதிந்த ‘லைவ் அட் லீட்ஸ்’ஸை ஆசையாகக் கேட்பேன். 1970 பிப்ரவரி 14, ஒரு பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடம். ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், ஒரு தொண்டை, அவ்வளவுதான் சரக்கு. ஸ்டூடியோவில் மூணேகால் நிமிஷத்தில் முடிந்த ‘மை ஜெனரேஷன்’ அங்கே கால் மணி நேரம் ஓடுகிறது. டவுன்ஷெண்ட், என்ட்விசில், மூன் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சோலோ வாசிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிப்பதில்லை.

சரி, அந்த முகத்தில் பவுடர் இல்லையா? லீட்ஸுக்கு மறுநாள் ஹல் நகரிலும் வாசித்தார்கள், அதையும் பதிவு செய்தார்கள். முதல் சில பாட்டுகளில் பேஸ் டேப்பில் ஏறவே இல்லை. அதனால் லீட்ஸ் வட்டாக வந்தது. நீ கோயிலாகக் கும்பிடுகிற அந்த ராத்திரி, அடுத்த நாள் பேஸ் டிராக் காலை வாரியதால் நமக்குக் கிடைத்த ராத்திரி. கிஸ் குழுவின் லைவ் ஆல்பம் ‘அலைவ்!’ (1975) ஸ்டூடியோவில் ஒட்டுப் போட்டது என்பதை அவர்களே பின்னாளில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். தின் லிஸி குழுவின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ (1978) கதை இன்னும் மோசம். முக்கால்வாசி ஸ்டூடியோவில் மறுபடி வாசித்ததுதான் என்று அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொன்னார்; குழுவில் இருந்தவர்கள் இல்லவே இல்லை என்றார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாவிட்டாலும் அது அபாரமான ரெக்கார்டு. உண்மையா பொய்யா என்று பார்த்தா அதை நாம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறோம்?

ஆகவே ‘எது நிஜம்’ என்ற கேள்வியை நான் ஏற்பதாக இல்லை. இரண்டுமே மனுஷன் உட்கார்ந்து செய்தவை. ஒரு பாட்டு எங்கே முழுசாகிறது என்று கேள், பேசலாம். அதற்கு ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு பதில். கட்சி கட்டினால் காது அடைத்துக்கொள்ளும்.

நீ எப்போதும் எடுத்து வீசுகிற பிங்க் ஃபிளாய்ட் குழுவையே எடுத்துக்கொள்வோம். ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பம் வந்தது 1973 மார்ச்சில். ஆனால் 1972 ஜனவரியிலிருந்தே அதை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். “பார்த்தாயா, மேடையில் பிறந்ததுதான்” என்பாய். பிறந்தது அங்கேதான், சந்தேகமில்லை. ஆனால் அப்போது அதிலுள்ள ‘ஆன் த ரன்’ இருக்க வேண்டிய இடத்தில் கிட்டாரும் கீபோர்டுமாக ஒரு ஜாம்தான், அதாவது தோன்றியபடி வாசிப்பதுதான், ஓடிக்கொண்டிருந்தது. தலைக்குள் சுற்றிச் சுற்றி ஓடும் அந்த சிந்தசைஸர் ஸ்டூடியோவில்தான் வந்து சேர்ந்தது. ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’ அப்போது கீபோர்டு இசைமேல் பேச்சுக் குரல்களை ஓடவிட்ட ஒரு பகுதி. ஆல்பம் வெளிவர இரண்டு மாசம்கூட இல்லாதபோது கிளேர் டாரி என்ற பாடகியை ஏபி ரோடு ஸ்டூடியோவுக்கு அழைத்தார்கள். வார்த்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் தன் தொண்டையை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடினார். கொடுத்த சம்பளம் 30 பவுண்டு. முதலில் எழும்பி உடைந்து கதறி, பிற்பாதியில் களைத்து முனகலாக இறங்கும் அந்தக் குரலை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் என்ன மிச்சம்? ஒரு வருஷம் மேடையில் வாசித்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது கிடைத்தது. (இணையாசிரியர் என்ற உரிமைக்காக டாரி பிற்பாடு வழக்குப் போட்டு, 2005இல் சமரசம் ஆகி, இப்போது குழுவின் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது. கொஞ்சம் லேட்தான்.)

அதே குழுவின் பாம்பெய் படத்தை நீ ‘லைவ்’ கணக்கில் எழுதுகிறாய். 1971 அக்டோபர், எரிமலையில் புதைந்துபோன ஊரின் பழைய அரங்கம், ஏட்ரியன் மேபன் இயக்கம். ரசிகன் என்று டிக்கெட் வாங்கி உட்கார்ந்த ஒரு ஆள் கிடையாது. அதிலும் சில பாட்டுகள் பாம்பெயிலேயே எடுத்தவை அல்ல, பாரிஸ் ஸ்டூடியோவில் எடுத்தவை. ரைட்டின் முகத்தைப் பார்த்தால் போதும்: தாடி இருந்தால் பாம்பெய், மழித்திருந்தால் பாரிஸ். அதற்காக அந்தப் படத்தைக் குறை சொல்வேனா? ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ ஓடும்போது கேமரா டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசனை விட்டு நகராது. வேகம் உச்சத்தில் இருக்கும்போது கையிலிருந்து ஒரு குச்சி பறந்துவிடும். அடுத்த குச்சியை எடுப்பதற்குள் தாளம் ஒரு மயிரிழைகூடத் தள்ளாடாது; முகத்திலும் ஒன்றும் தெரியாது. அந்த இரண்டு விநாடியை எந்த ஆல்பமும் தர முடியாது. ரசிகர் கூட்டமும் தந்திருக்காது. யாரும் இல்லாத இடத்தில் கேமரா பக்கத்தில் போய் நின்றதால் கிடைத்தது அது.

பிங்க் ஃபிளாய்டின் ‘த வால்’ மட்டும் உன் கணக்கில் வரட்டும், விட்டுத் தருகிறேன். 1979 ஆல்பத்தில் இரண்டாவது வட்டு எனக்கு இழுவை. 1982இல் ஆலன் பார்க்கர் எடுத்த படம், ஜெரால்ட் ஸ்கார்ஃபின் அனிமேஷனைத் தவிர, தலைவலி. ஆனால் 1980, 81இல் நாலே ஊரில் நடத்திய அந்த மேடை நிகழ்ச்சி! பாட்டு போகப் போக அட்டைச் செங்கல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, இடைவேளைக்குள் குழுவையே சுவருக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். காசு கொடுத்து வந்தவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாட்டு வரும்போது கிட்டார்காரர் கில்மர் அந்தச் சுவர் உச்சியில் நின்று சோலோ வாசிப்பார். ரசிகனுக்கும் கலைஞனுக்கும் நடுவில் சுவர் என்பதுதான் கதையே. அதை ரசிகன் கண்ணெதிரே கட்டினால்தான் கதை உடம்பில் ஏறும். கூடுதலாக ஒரு கூத்து: குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட ரைட் அந்த நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். நிகழ்ச்சி நஷ்டம். மற்ற மூவரும் கைக்காசைப் போட, காசு பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

உன் சூத்திரத்தை பீட்டில்ஸ்மேல் வைத்துப் பார், அப்போதுதான் அதன் ஓட்டை தெரியும். 1966 ஆகஸ்ட் 29ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவோடு காசுக்கு மேடை ஏறுவதை நிறுத்தினார்கள். நிறுத்தினதும் தேய்ந்தா போனார்கள்? அதற்கு முந்தின வருஷம் ஷே ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை. ‘டுமாரோ நெவர் நோஸ்’ஸை அவர்கள் ஒரு மேடையிலும் வாசித்ததில்லை. ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பத் தரும் டேப் வளையங்களை ஓடவிட்டு மிக்ஸிங் மேஜையில் பிறந்த பாட்டு அது. லைவ்தான் முகம் என்றால் அந்தப் பாட்டுக்கு முகமே இல்லை என்று ஆகிவிடும்.

கான்செர்ட் படங்களில் எனக்கு ஒரே ராஜா ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ (1984). டாக்கிங் ஹெட்ஸ் குழுவை ஜொனாதன் டெம்மி எடுத்தது. வெறும் மேடை. குழுவின் பாடகர் டேவிட் பர்ன் ஒரு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைத்து, தனியாளாகக் கிட்டார் தட்டிப் பாடுவார். அடுத்த பாட்டுக்கு பேஸ் வாசிக்கும் டினா வேமத் வருவார், அதற்கடுத்து டிரம்ஸைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பாட்டுக்குப் பாட்டு ஆள் கூடிக்கொண்டே போகும். கடைசிவரை ரசிகர் முகத்தை டெம்மி காட்டுவதே இல்லை என்று சொல்லலாம். மற்ற படங்களில் கண்ணீர் விடும் முகத்துக்கு வெட்டி வெட்டி ‘இங்கே உருகு’ என்று நமக்கு டியூஷன் எடுப்பார்களே, அந்தத் தொல்லை இதில் இல்லை. அந்தப் பாட்டுகளின் ஸ்டூடியோ வடிவங்களை இப்போது கேட்டால் எனக்கு ஆள் குறைகிற மாதிரி இருக்கிறது.

ஸ்கார்செஸியின் ‘த லாஸ்ட் வால்ட்ஸ்’ அழகான படம்தான். ஆனால் தி பேண்ட் குழுவை அதன் கிட்டார்காரர் ராபி ராபர்ட்சனின் குழுவாகக் காட்டிவிட்டது என்று டிரம்ஸ் வாசித்த லெவன் ஹெல்ம் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. லெட் செப்பலினின் ‘த சாங் ரிமெய்ன்ஸ் த சேம்’ படத்தில் நடுவில் வரும் கனவுக் காட்சிகளைத் தாண்டி ஓட்டிவிட்டுப் பார். ‘பொஹீமியன் ராப்சடி’ (2018) பற்றிப் பேசாதே, ப்ளீஸ். லைவ் எய்டு என்ற நிதி திரட்டும் கச்சேரிக்கு முன்னால் குவீன் குழு பிரிந்து கிடந்ததாகக் கதை கட்டியிருக்கிறார்கள். அதே 1985இல் சில வாரங்கள் முன்புவரை அவர்கள் ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அந்தக் கச்சேரியில் அவர்கள் வாசித்த அசல் இருபது நிமிஷப் பதிவு இருக்கும்போது நகல் எதற்கு?

இப்போது உனக்கு ஒரு வேலை. ‘டார்க் சைட்’ முழுவதையும் 1974 நவம்பரில் லண்டன் வெம்ப்ளியில் வாசித்த பதிவு 2011இல் வெளிவந்தது. டாரி ஒருத்தராகப் பாடியதை அதில் இரண்டு பாடகிகள் பங்கு போட்டுப் பாடுகிறார்கள். நன்றாகவே பாடுகிறார்கள். முதலில் அதைக் கேள், பிறகு ஆல்பத்தில் இருப்பதைக் கேள், ஹெட்போனில். அப்புறம் போன் பண்ணு. கேட்காமல் பண்ணினால் எடுக்க மாட்டேன்.