அப்பா பெயரும் வீட்டுக்காரர் பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமங்கலத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பலகையில்தான் ஜெராக்ஸ். பாதி வேலை இப்போது வருகிறவர்களின் செல்போனில்தான் நடக்கிறது. "தம்பி, இதுலயே பேங்க் கணக்கு தொறக்கலாமாமே, பாத்துக் குடு" என்று போனை நீட்டுவார்கள். ஆன்லைனில் கணக்கு தொடங்கும்போது அடையாள ஆவணங்களைச் சரிபார்க்கும் விதம் பற்றி, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர். முப்பது சென்ட்டில் மல்லி. விடியக் காலையில் பறித்து மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோவார். கமிஷன் கடையில் ரொக்கம் கொடுப்பதை நிறுத்தி, போனிலேயே போட்டுவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரியில் படிக்கும் மகன் ஆதார் எண்ணைத் தட்டி, வந்த ஓடிபியைப் போட்டு, பத்து நிமிஷத்தில் அம்மாவுக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்தான். எல்லாருக்கும் சந்தோஷம்.

தை முகூர்த்தத்தில் மல்லி விலை ஏறியபோதுதான் கோளாறு தெரிந்தது. கமிஷன் கடையிலிருந்து போட்ட பணம் போன வழியே திரும்பிவிட்டது. வெறும் ஓடிபியை வைத்து, ஆளை நேரில் பார்க்காமல் தொடங்கும் கணக்குக்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. இருப்பு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நிதியாண்டில் வரும் பணம் மொத்தம் 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஓராண்டுக்குள் முழுச் சரிபார்ப்பை முடித்தாக வேண்டும். வரம்பு நியாயமானதுதான், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் ஆண்டுக்கு 2 லட்சம் என்றால் மாதம் பதினேழாயிரம்கூட இல்லை. பூ விற்கிறவருக்கு நல்ல சீசனில் அது எத்தனை நாளைக்குக் காணும்? அந்தச் செயலியில் இது எங்கோ ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது. மகனும் படிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதுவரை நானும் படித்ததில்லை.

சரி, முழுச் சரிபார்ப்பை முடித்துவிடலாம் என்று என் கடையிலேயே வீடியோ அழைப்புக்கு உட்கார்ந்தார். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அனுமதித்த முறை இது. எதிரே பேசுகிறவர் வங்கியின் சொந்த அலுவலராக இருக்க வேண்டும், பேசுவது நேரலையாக இருக்க வேண்டும், வாடிக்கையாளர் இருக்கும் இடம் பதிவாக வேண்டும், பான் அட்டையைக் காட்ட வேண்டும். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அப்புறம் அந்த அலுவலர் "சர்நேம்?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். "ஊரைக் கேக்குறாங்களா தம்பி, சாதியைக் கேக்குறாங்களா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அதற்கப்புறம் நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, அவ்வளவுதான். அப்பாவின் எழுத்து. கல்யாணமானால் பலருக்கு வீட்டுக்காரரின் எழுத்து. ஆதாரில் அந்த ஒற்றை எழுத்தை ஏற்றுக்கொள்வார்கள். பான் அட்டைக்கு நாங்கள் நிரப்பிவந்த 49ஏ படிவத்தில் இனிஷியல் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும், கடைசிப் பெயர் என்ற கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. இந்த அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த பானில் அப்பா பெயர் சர்நேமாக உட்கார்ந்திருக்கிறது. ஆதாரிலோ வீட்டுக்காரரின் எழுத்து. போதாக்குறைக்கு 'அம்மாள்' என்று முடிகிற பெயர்களில் ஒரு அட்டையில் கடைசி 'எல்' இருக்கும், இன்னொன்றில் இருக்காது. 'பாண்டி'க்கு ஆங்கிலத்தில் முடிவில் 'ஐ'யா 'ஒய்'யா என்பது படிவம் நிரப்பியவர் அன்றைக்கு எந்த மனநிலையில் இருந்தார் என்பதைப் பொறுத்தது. எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் ஒரே வரியில் ஆங்கிலக் குறுஞ்செய்தி: ஏற்க இயலவில்லை. ஏன் என்று இல்லை. பெயர் மாறியதற்குத் திருமணப் பதிவுச் சான்றோ அரசிதழ் அறிவிப்போ காட்டினால் ஏற்கலாம் என்று விதியில் இருக்கிறது. இவர் கல்யாணம் குலதெய்வக் கோயிலில் நடந்தது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் வந்ததே 2009இல்தான், அதற்கு முன்னால் நடந்த கல்யாணம் இது. ஆதாரில் பெயரைத் திருத்தலாமே என்றால், அது ஆயுளுக்கு இரண்டே முறை. ஒன்று ஏற்கெனவே இனிஷியல் மாற்றியதில் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்றைச் செலவழிக்க அவருக்கு மனசு வரவில்லை. எனக்கும் சொல்லத் துணிவில்லை.

சரிபார்ப்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கமிஷன் தருகிறோம், உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு என்று இளவட்டங்களைத் தேடிப்பிடிக்கும் கூட்டம் இருக்கிறது. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் வந்து நிற்பது பையன் வீட்டு வாசலில். ஆளைப் பார்த்து உறுதி செய்யத்தான் வேண்டும். ஓடிபியைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கப் படிக்கிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். என் கணினியிலேயே ஒரு நாளில் எத்தனை ஆதார் நகல் சேர்கிறது தெரியுமா? சாயங்காலம் கடை சாத்துவதற்கு முன் அழித்துவிடுகிறேன். எல்லாக் கடையிலும் அழிப்பார்கள் என்று நீங்கள் நம்ப வேண்டாம். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அது போதுமான இடத்தில் அதையே கொடுங்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். கேட்கிறவர்கள் குறைவு.

என் வருத்தம் வேறு. ஆதார் அட்டையில் பெயர் தமிழிலும் அச்சாகியிருக்கிறது. வாக்காளர் அட்டையிலும் அப்படியே, அதில் வீட்டுக்காரர் பெயர் முழுசாகவும் இருக்கிறது. இதைத் தமிழில் படிக்கத் தெரிந்த ஒருவர் எதிர்முனையில் இருந்தால் இரண்டு கேள்வியில் முடிந்துவிடும். கிளைக்கு நேரில் போனபோது அப்படித்தான் ஆனது. அங்கிருந்த அம்மா இரண்டு அட்டையையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அப்பா பேரு, இது உங்க வீட்டுக்காரர் எழுத்தா? ஆதாரைத் தொடாதீங்க, பானைத் திருத்திட்டு வாங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை அந்தக் குறுஞ்செய்தியில் எழுதியிருக்கலாம்.

இதே சரிபார்ப்பில், கேமரா முன் இருப்பது நிஜ ஆள்தானா என்று பார்க்கக் கண்ணிமைக்கச் சொல்லிச் சோதிக்கும் முறையால் பார்வையற்றவர்களும் அமில வீச்சுக்கு ஆளானவர்களும் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது என்ற வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவைகள் கிடைப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. அதன் பிறகு ரிசர்வ் வங்கி, யோசிக்காமல் எந்த விண்ணப்பத்தையும் தள்ளக் கூடாது, தள்ளினால் காரணத்தை அலுவலர் பதிவு செய்ய வேண்டும் என்று விதியில் சேர்த்தது. நல்லது. பதிவு செய்கிற காரணத்தை எங்களுக்கும் தமிழில் அனுப்புங்கள் என்பதுதான் வங்கிகளிடம் நான் கேட்பது. வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் காரணமே தெரியாமல் புகாரில் என்ன எழுதுவது?

அக்காவின் பான் திருத்த விண்ணப்பத்தைப் போன வாரம் நிரப்பினோம். கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அவருடைய பெயரையே எழுதி, மற்ற இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டிருக்கிறோம். 'எல்' போடவா என்று கேட்டேன். ஆதாரை வாங்கி, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "போடு தம்பி" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்