சூட்கேஸை முதல்நாளே பூட்டுங்கள்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஜனவரி, செப்டெம்பர் வகுப்புகளுக்குப் பிள்ளைகள் புறப்படும் காலம் வந்தால் கொழும்பில் பல வீடுகளில் ஒரே கூத்துதான். வாசலில் வான் நிற்கும். சூட்கேஸ் திறந்தபடி கிடக்கும். பெரியம்மா இன்னொரு மிளகாய்த்தூள் பையோடு வந்து இறங்குவா.

பெட்டியை முதல்நாள் மாலையே நிறுத்துப் பூட்டிவிடுங்கள். 23 கிலோ அனுமதி என்றால் 22 போதும். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. பெட்டியைத் தராசில் சாய்த்து வைத்தால் எடை குறைத்துக் காட்டும். ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தன் எடையைக் கழிப்பதே சரி. இரண்டு பெட்டி அனுமதி உள்ளவர்கள், ஒன்று 27, மற்றது 19 என்று கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டாம். பல விமான சேவைகள் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகவே பார்க்கும்.

வறுத்து இடித்த தூளைச் சூடு ஆறாமல் கட்டினால் பைக்குள் வேர்த்துக் கட்டிபடும். நன்றாக ஆறவிட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, இரண்டு பைகளில் போட்டு உடுப்புகளுக்கு நடுவே வையுங்கள். ஊறுகாய்ப் போத்தலை விளிம்புவரை நிரப்பினால் விமானம் மேலேறி அழுத்தம் குறையும்போது மூடியோரமாக எண்ணெய் கசியும். நெய்யும் இறைச்சிப் பொரியலும் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோக முடியாது. அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் எந்த உணவானாலும் வருகை அட்டையில் ‘உண்டு’ என்று எழுதவேண்டும். எழுதினால் பறிபோகக்கூடியது மாசிக் கருவாட்டுப் பொதி மட்டும்தான். மறைத்தால் அபராதம், விசாவை இரத்துச் செய்யவும் அங்கே சட்டத்தில் இடமுண்டு.

கனடாவுக்கு ரைஸ் குக்கர் கட்டிக் கொடுக்காதீர்கள். அங்கே 120 வோல்ற் மின்சாரம். நமது 230 வோல்ற் குக்கர் அதில் கால்பங்கு வலுவோடுதான் சூடேறும், அரிசி வேகாது. கைபேசி, மடிக்கணினி சார்ஜர்களில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே வைக்கலாம். 20,000 எம்ஏஎச் (mAh) என்பது சுமார் 74 வாற்-மணி, விமான சேவைகளின் 100 வாற்-மணி வரம்புக்கு உட்பட்டது.

கடைசி மணித்தியாலங்கள் கடதாசிகளுக்கும் கைபேசிக்கும் வேண்டும். கனடா விசா கடவுச்சீட்டில் ஒட்டியிருந்தாலும் கல்வி அனுமதிப் பத்திரம் அங்கே இறங்கிய பிறகுதான் கையில் கிடைக்கும். அதற்குரிய அறிமுகக் கடிதம் சூட்கேஸுக்குள் போய்விட்டால், அதிகாரி முன்னால் வெறுங்கையோடுதான் நிற்கவேண்டும். பிரித்தானியாவில் இப்போது இணையவழி விசா. இடையில் கடவுச்சீட்டை மாற்றியிருந்தால் புதிய இலக்கம் அந்த இணையவழி விசாக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று புறப்படுமுன் பாருங்கள். சேராவிட்டால் கட்டுநாயக்கா விமான நிலையக் கவுண்டரிலேயே இழுபறி தொடங்கும். பல்கலைக்கழகக் கடிதம், தங்குமிட முகவரி, மருந்துச் சிட்டை எல்லாம் கைப்பையில், பிரதி எடுத்து.

பலரும் மறப்பது, இலங்கைச் சிம் வெளிநாட்டிலும் வேலைசெய்வதற்கான ரோமிங்கைப் புறப்படுமுன் போடுவது. வங்கி அனுப்பும் ஓடிபி (ஒருமுறைக் கடவெண்) இலங்கைச் சிம்முக்குத்தான் வரும். அந்நாட்டில் இறங்கிய பிறகு ரோமிங்கைப் போட முயன்றால், அதற்கும் ஒரு ஓடிபி கேட்கக்கூடும். பழைய சிம்மை எறியவும் வேண்டாம்.

பேலியகொடையில் ஏறினால் கட்டுநாயக்க அதிவேகப் பாதை 25.8 கிலோமீற்றர்தான், பிரச்சினையில்லை. மாலை நேரத்தில் வெள்ளவத்தையிலிருந்து பேலியகொடைக்குப் போவதுதான் பாடு. கூகுள் காட்டும் நேரத்தோடு ஒரு மணித்தியாலம் கூட்டுங்கள். பல விமான சேவைகள் புறப்பாட்டுக்கு 60 நிமிடத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடும். வழியனுப்பும் படங்களை வீட்டிலேயே எடுத்துவிடலாமே.

கல்வி முகவர் நிலையங்களிடம் ஒரு வேண்டுகோள்: விசா கிடைத்த அன்றே, போகும் நாட்டுக்கு ஏற்ற ஒரு பக்கப் பட்டியலைத் தமிழில் பெற்றோரிடம் கொடுங்கள். பெட்டி கட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

வெள்ளவத்தை வாசகர்கள் சிலர்
கொழும்பு 06