குலுக்கல் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. அமெரிக்க வேலை விசாவுக்கான குலுக்கல் என்ன ஆச்சு என்று அவள் கேட்டதற்கு "லக் ஆஃப் தி ட்ரா", எல்லாம் குலுக்கலின் அதிர்ஷ்டம், என்று நீ ஒரு வரி அனுப்பிவிட்டு அப்புறம் பேச்சே இல்லை. விசா கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

சீட்டாட்டத்திலும் சீட்டுக் குலுக்கலிலும் பிறந்த பேச்சு அது. சீட்டுக்கட்டிலிருந்து எந்தச் சீட்டு கைக்கு வருகிறதோ அதை வைத்துத்தான் ஆட வேண்டும். கெட்டிக்காரத்தனமெல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் சீட்டு நன்றாகக் கலைந்திருந்தால்தான் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம்.

கலையாவிட்டால் என்ன ஆகும் என்பதை நீ இருக்கும் தேசமே பார்த்திருக்கிறது. 1969 டிசம்பர் 1, வாஷிங்டன். வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க 366 பிறந்த தேதிகளைச் சீட்டில் எழுதி, நீல பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்தார்கள். பெட்டியில் முதலில் ஜனவரிக் குப்பிகள், பிறகு பிப்ரவரி, கடைசியாக டிசம்பர். சில தடவை குலுக்கிக் கண்ணாடி ஜாடியில் கொட்டினார்கள். அது போதவில்லை. முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. அதற்கு எண் 1. இப்படி வந்த வரிசையில் கடைசியில் 195-ஆம் எண் வரை பட்டாளத்துக்கு அழைத்தார்கள். டிசம்பரின் 31 தேதிகளில் 26 அதற்குள் மாட்டிக்கொண்டன. ஒழுங்காகக் கலைந்திருந்தால் 16, 17 தான் வரும். டிசம்பரில் பிறந்த பையன்கள் என்ன பாவம் செய்தார்கள்?

மறுவருஷம் திருத்தினார்கள். தேதிகளுக்கு ஒரு டிரம், எண்களுக்கு ஒரு டிரம். இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து ஜோடி சேர்த்தார்கள். ஒன்று சரியாகக் கலையாவிட்டாலும் மற்றது ஈடுகட்டும்.

உன் படிப்பை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அந்த மார்க்கெல்லாம் விசாவுக்குக் குலுக்கிய கம்ப்யூட்டருக்குத் தெரியாது, தம்பி. ஆகையால் உன்னிடம் குறை தேடாதே. அறிவியல், பொறியியல் மாதிரிப் படிப்புக்காரர்களுக்குத் தரும் ஸ்டெம் நீட்டிப்புக்கு மனுப் போடாமல் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடாதே: படித்தவுடன் அங்கே வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதி முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் போட வேண்டும், 24 மாதம் கிடைக்கும், அதற்குள் குலுக்கல் திரும்ப வரும். தேதியைப் பார்த்து வை. மறுபடியும் சொல்கிறேன், தேதியைப் பார்த்து வை.

பெற்றவளிடம் இரண்டு வார்த்தை பேச உனக்கு நேரமா இல்லை? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எது வந்திருந்தாலும் கூப்பிடு. ராத்திரி பட்டினி கிடக்காதே.

அன்புடன்,
அப்பா